ஒருபால் அன்பினரும் சுயமரியாதைக்காரர் கடமையும்

ஆணுக்கு ஆணிடமும், பெண்ணுக்குப் பெண்ணிடமும் அன்பும் ஆசையும் உண்டாவதைப் பற்றியும், ஆண் என்று ஊரார் எழுதிவைத்த ஒருவர் தம்மைப் பெண்ணென்றும், பெண் என்று எழுதிவைக்கப்பட்ட ஒருவர் தம்மை ஆணென்றும் உணர்ந்து வாழ்வதைப் பற்றியும் இப்பத்திரிகையில் எழுத வேண்டிய அவசியமென்ன என்று சிலர் கேட்கக்கூடும். "ஜாதி ஒழியவில்லை, மூடநம்பிக்கை ஒழியவில்லை, மீன்பிடிக்கப் போனவன் கரை திரும்புவானா என்பது நிச்சயமில்லை, இவ்வளவுக்கும் நடுவில் இது ஒரு விஷயமா?" என்பதுதான் அக்கேள்வியின் சாரம். அதற்குப் பதில் சொல்லுவதே இத்தலையங்கத்தின் நோக்கமாகும்.

சுயமரியாதை என்றால் என்ன? ஒரு மனிதனை அவன் செய்த காரியத்தைக் கொண்டு மதிக்காமல், அவன் பிறந்த விதத்தைக் கொண்டு இழிந்தவன் என்று சொல்லுவதை ஒப்புக்கொள்ளாமலிருப்பதேயாகும். யாருக்கும் யாதொரு தீங்கும் செய்யாத ஒருவரை, அவர் யாரிடம் அன்பு கொள்ளுகிறார் என்பதற்காகவோ, தம்மை ஆணென்று சொல்லுகிறாரா பெண்ணென்று சொல்லுகிறாரா என்பதற்காகவோ, வீட்டார் அடிக்கலாம், ஊரார் துரத்தலாம், போலீசார் மிரட்டலாம், வீட்டுக்காரர் வாடகைக்கு இடமில்லை என்று சொல்லலாம் என்றிருந்தால், அது சுயமரியாதைப் பிரச்சினையல்லாமல் வேறென்ன? தன்னுடைய இழிவுக்கு மாத்திரம் அழுதுகொண்டு, பக்கத்துக்காரனுடைய இழிவைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்குச் சுயமரியாதை வந்துவிட்டதாக நாம் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

முதலில் விஷயம் இன்னதென்று தெரிந்துகொள்ளுவோம். இது நோயா? நோயல்ல என்று வைத்திய உலகம் தீர்மானித்துப் பல வருஷங்களாயின. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 1973-லேயே ஒருபால் அன்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 1990-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி எடுத்துவிட்டது. இந்திய மனநல வைத்தியர் சங்கமும் 2018-ல் இது நோயல்ல என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டது. திருநங்கையர், திருநம்பியர் விஷயத்திலும், அவர்கள் தங்களை உணரும் விதம் மனக்கோளாறு அல்ல என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட புதிய பட்டியலில் மாற்றி எழுதியாயிற்று. நோயில்லாத இடத்தில் மருந்துக்கு வேலையில்லை. பேயில்லாத இடத்தில் வேப்பிலைக்கும் வேலையில்லை.

இராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு, "குணப்படுத்துவது" என்ற பெயரால் மனிதர்களுக்கு என்னென்ன செய்யப்படும் என்பதை வெளியூரார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில், ஏர்வாடியில் தனியார் ஒருவர் நடத்திவந்த மனநோயாளிகள் விடுதியின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளேயிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டு போனார்கள். அதன் பிறகுதான் சர்க்கார் விழித்துக்கொண்டு அப்படிப்பட்ட விடுதிகளை மூடியது.

அங்கே இறந்தவர்கள் ஒருபால் அன்பினர் என்று நாம் சொல்லவரவில்லை. அவர்கள் மனநோயாளிகள் என்று உறவினரால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். நாம் சொல்லவருவது, அந்தச் சங்கிலி எந்த உலையில் அடிக்கப்பட்டது என்பதைப் பற்றியேயாகும். தமக்கு விளங்காத குணம் ஒருவரிடம் காணப்பட்டால் அது பேய், பில்லி, சூனியம், அல்லது பெற்றோர் செய்த பாவம் என்று நினைப்பது ஒன்று. அடித்தும் பட்டினி போட்டும் கட்டிவைத்தும் அதை ஓட்டிவிடலாம் என்று நம்புவது இரண்டு. இதற்கு உறவினர் சம்மதம் இருந்தால் போதும், சம்பந்தப்பட்டவரைக் கேட்க வேண்டியதில்லை என்று எண்ணுவது மூன்று. இந்த மூன்று எண்ணங்களும் சேர்ந்துதான் சங்கிலியாகின்றன. "எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், என் தோழியோடுதான் வாழ்வேன்" என்று ஒரு பெண் சொன்னவுடன் அவளைக் கோவிலுக்கும், தர்காவுக்கும், ஜெபக்கூட்டத்துக்கும், மந்திரவாதியிடமும் இழுத்துக்கொண்டு திரிகிற பெற்றோரிடத்தில் இருப்பதும் இதே மூன்று எண்ணங்கள்தான். மதம் மூன்றாயிருந்தாலும் அடி ஒன்றாகவே இருக்கிறது.

மந்திரவாதி மட்டுமல்ல, படித்த போலி வைத்தியரும் உண்டு. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று பீசு வாங்கிக்கொண்டு மாத்திரையும் மின்சார அதிர்ச்சியும் கொடுப்பவர் அவர். வேப்பிலைக்காரனுக்கும் இவருக்கும் சட்டையில்தான் வித்தியாசமே தவிர அறிவில் வித்தியாசமில்லை. இப்படி மாற்ற முயலுவது வைத்தியத் தொழிலுக்கே விரோதமான நடத்தை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்துவிட்டது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்லுகிறது. ஒருவர் தம் சமூகத்தாருடைய ஒழுக்கக் கொள்கைகளுக்கோ மத நம்பிக்கைகளுக்கோ ஒத்து நடக்கவில்லை என்பதைக் கொண்டு அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக்கூடாது என்பதும், யாரையும் எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்பதும் அச்சட்டத்தில் இருக்கின்றன. ஆகவே, இனி எந்தத் தகப்பனாவது தன் மகனைக் குணப்படுத்த அழைத்துப் போகிறேன் என்று கிளம்பினால், "எந்த நோயை?" என்று கேட்க நமக்கு அறிவு மாத்திரமல்ல, சட்டமும் துணையிருக்கிறது.

இந்த வைத்தியத்தின் யோக்கியதைக்குச் சீமையிலிருந்தே ஒரு உதாரணம் காட்டலாம். இன்று உலகமெல்லாம் வழங்கும் கம்ப்யூட்டருக்கு மூல ஆராய்ச்சி செய்தவர்களுள் முதன்மையானவர் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயர். அவர் தகப்பனார் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர், தாயார் கோயமுத்தூர்ப் பக்கத்துப் போத்தனூரில் பிறந்தவர். உலக யுத்தத்தில் ஜெர்மானியருடைய இரகசியச் சங்கேதங்களை உடைத்துத் தம் நாட்டாருக்குப் பேருதவி செய்தவர். அவரை 1952-ல், ஒரு ஆணோடு உறவு வைத்திருந்தார் என்பதற்காகக் குற்றவாளியாக்கினார்கள். ஜெயிலுக்குப் போகிறாயா, ஊசி போட்டுக்கொள்ளுகிறாயா என்று கேட்டு ஊசி போட்டார்கள். 1954-ல், 41 வயதில், அவர் இறந்து போனார். 2013-ல் இங்கிலாந்து ராணியின் பேரால் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்கள். யார் யாரை மன்னிக்க வேண்டும் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

இனி, "இது அந்நிய நாட்டுப் பழக்கம், நம் நாட்டில் கிடையாது" என்கிற ஆக்ஷேபணையை எடுத்துக்கொள்ளுவோம். நம் நாட்டில் இல்லாத ஒன்றுக்கு நம் நாட்டுச் சாஸ்திரக்காரன் எதற்காகத் தண்டனை எழுதிவைத்தான்? மனுதர்மத்தின் 8-ம் அத்தியாயத்தையும் 11-ம் அத்தியாயத்தையும் பாருங்கள். பெண்ணும் பெண்ணும் கூடினால் அபராதம், பிரம்படி, மொட்டையடித்தல், விரல் வெட்டல், கழுதைமேல் ஊர்வலம் என்று தண்டனைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் துவிஜனாகிய ஆண் ஆணோடு கூடினாலோ, உடுத்த துணியோடு ஒரு முழுக்குப் போட்டால் தீர்ந்ததென்று பிராயச்சித்தம் சொல்லப்பட்டிருக்கிறது! இராமேசுவரம் கோவிலுக்குள்ளேயே 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. துவிஜனுக்குப் பாவம் போதாதே தவிரத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஒரே காரியத்துக்கு ஒருவருக்கு ஒரு முழுக்கும், இன்னொருவருக்கு இரண்டு விரலும் என்றால், இது ஒழுக்கத்தைக் காப்பாற்ற எழுதிய சட்டமா, பெண்ணை அடக்க எழுதிய சட்டமா?

தமிழுக்கு வந்தாலும் அப்படித்தான். ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்கு எந்த விகுதி கொடுத்துப் பேச வேண்டுமென்று தொல்காப்பியமே இலக்கணம் வகுத்திருக்கிறது. அவர்கள் இல்லாமலா இலக்கணம் எழுதினார்கள்? பழைய புத்தகத்தில் இருப்பதனாலேயே ஒன்று சரியாகிவிடும் என்பது நம் கொள்கையல்ல. ஆனால், பழமையையே பிரமாணமாகக் காட்டுகிறவர்கள் அந்தப் பழமையையாவது நேராகப் படிக்க வேண்டாமா?

உண்மையில் அந்நிய நாட்டிலிருந்து வந்தது இந்த அன்பல்ல. இதைக் குற்றமாக்கிய சட்டமே அந்நிய நாட்டிலிருந்து வந்தது. 1860-ல் வெள்ளைக்காரர்கள் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவுதான் அது. ஆயுள் பரியந்தம் ஜெயில் என்பது வரையில் அதில் தண்டனை இருந்தது. அதை எழுதிக்கொடுத்த இங்கிலாந்து, 1967-ல் தன் நாட்டில் இக்குற்றத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. நாமோ, சுதந்தரம் வந்த பிறகும் அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை 50 வருஷத்துக்கு மேல் "நமது பண்பாடு" என்று மாட்டிக்கொண்டிருந்தோம். 2018-ம் வருஷம் செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்தவர்கள் தங்கள் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் அமுலிலிருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவே கிடையாது.

இன்னொரு சங்கதியும் நம் ஜில்லாக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரேகைச் சட்டம் என்றால் இன்றும் மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிழவர்களுக்கு வயிறு எரியும். பிறந்த ஜாதியைக் கொண்டே ஒருவனைக் குற்றவாளி என்று பதிவு செய்து, இரவில் போலீஸ் ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்ன குற்றப்பரம்பரைச் சட்டம் அது. 1920-ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்ததும் அதை எதிர்த்ததற்காகத்தான். அச்சட்டம் முதன்முதலில் 1871-ல் வடநாட்டில் பிறந்தபோது அதற்கு இரண்டு பாகங்கள் இருந்தன. முதல் பாகம் ஜாதிகளைப் பற்றியது; இரண்டாம் பாகம் வடநாட்டில் ஹிஜ்ராக்கள் என்று சொல்லப்படும் திருநங்கையரைப் பற்றியது. அவர்கள் பெயர்களைப் பதிவு செய்யவும், பெண் உடை உடுத்திப் பொது வீதியில் வந்தால் வாரண்டு இல்லாமல் பிடிக்கவும் அதில் அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே, ரேகை வைத்தவனுடைய பேரனும், வீதியில் விரட்டப்படும் திருநங்கையும் ஒரே சட்டத்தின் கீழ் அவமானப்பட்டவர்கள். அப்படியிருக்க, பேரன் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு திருநங்கையைப் பார்த்துக் கை தட்டிக் கேலி செய்வானேயானால், அவன் தன் தாத்தாவையே கேலி செய்கிறான் என்றுதான் நாம் சொல்லுவோம்.

"இயற்கைக்கு விரோதம்" என்பது அடுத்த ஆக்ஷேபணை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், அடித்தாலும் போகாமல், தானாக உண்டாவதற்குத்தான் இயற்கை என்று பெயர். அடித்தும் மிரட்டியும் உண்டாக்க வேண்டியிருப்பது எதுவோ அதுதான் செயற்கை. "பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்கிறார்கள். ஒருபால் அன்பினர் ஒவ்வொருவரும் பிறந்தது முதல் பார்த்ததெல்லாம் ஆண்-பெண் கல்யாணம். கேட்டதெல்லாம் ஆண்-பெண் காதல் பாட்டு. சினிமாவில் கண்டதும் அதுதான். பார்ப்பதனால் மாறுவதாயிருந்தால் அவர்களல்லவா முதலில் மாறியிருக்க வேண்டும்? "வம்சம் விருத்தியாகாது" என்கிறார்கள். சந்நியாசிக்கும், மடாதிபதிக்கும், கத்தோலிக்கப் பாதிரியாருக்கும் வம்சம் விருத்தியாகிறதா? அவர்கள் காலில் விழுகிறவர்களுக்கு இந்தக் கவலை அப்போது எங்கே போயிற்று?

பக்தர்களுடைய நடத்தைதான் மிகவும் வேடிக்கையானது. பாதி ஆணும் பாதி பெண்ணுமாய்க் கல்லில் செதுக்கி வைத்தால் அர்த்தநாரி என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவில் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்ளுவதையும் மறுநாள் அறுப்பதையும் கூட்டங்கூடிப் பார்க்கிறார்கள். அதே திருநங்கை மூன்றாம் நாள் வந்து, "வாடகைக்கு ஒரு அறை வேண்டும், கடையில் ஒரு வேலை வேண்டும்" என்று கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். கல்லுக்குக் கொடுக்கும் மரியாதையில் காற்பங்கு மனிதருக்குக் கொடுத்திருந்தால் இத்தலையங்கத்துக்கே அவசியமிருந்திராது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். "அவர்கள் எப்படியாவது இருந்துவிட்டுப் போகட்டும், கல்யாணம், குடும்பம் என்றெல்லாம் கேட்பது அதிகமல்லவா?" என்று நம் தோழர்களிலேயே சிலர் சொல்லுகிறார்கள். இதைச் சொல்ல உலகத்தில் யாருக்கு யோக்கியதை இருந்தாலும் சுயமரியாதைக்காரருக்கு இல்லை. ஏன்? முதல் சுயமரியாதைத் திருமணம் 1928-ல் நடந்தது, அப்போது இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில், சுக்கிலநத்தம் கிராமத்தில். புரோகிதனில்லை, ஓமமில்லை, வடமொழி மந்திரமில்லை. ஊரார் என்ன சொன்னார்கள்? "இது கல்யாணமே அல்ல, வைப்பு" என்றார்கள். பிறக்கும் குழந்தைகளுக்குக் கூசாமல் பேர் வைத்தார்கள். 1953-ல் சென்னை ஹைகோர்ட்டும், இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்றே தீர்ப்புச் சொல்லிற்று. மனமொத்து வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தியவர்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணுக்குப் புருஷன் பெண்சாதி அல்லாதவர்களானார்கள். 1967-ல் அண்ணா முதல் மந்திரியாயிருந்தபோதுதான் சட்டசபையில் சட்டம் செய்து, முன் நடந்தவைகளும் செல்லும் என்றாக்கப்பட்டது. 2023 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும், ஊரைக் கூட்டி விளம்பரப்படுத்தாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று உறுதிப்படுத்தியது.

அதே சுப்ரீம் கோர்ட்டு, அதற்கு இரண்டு மாதம் கூட ஆகாத 2023 அக்டோபர் 17-ந் தேதி, ஒருபால் தம்பதிகள் கல்யாண உரிமை கேட்டபோது, அது சட்டசபைகளின் வேலை என்று சொல்லிக் கைவிரித்துவிட்டது. அன்று அந்த வாசலில் வெறுங்கையோடு நின்றவர்கள் யார்? 1953-ல் அதே மாதிரி ஒரு வாசலில் நின்ற நம் பெரியவர்களேயாவார்கள். முகம் வேறு, காலம் வேறு, அவமானம் ஒன்றுதான். கல்யாணத்துக்கு இரண்டு மனங்களின் சம்மதமே போதும், ஹோமப் புகை வேண்டாம் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த இயக்கத்தார், அந்த இரண்டு மனங்களும் எந்த உடம்பிலிருக்க வேண்டுமென்று மாத்திரம் புரோகிதன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமாகுமா?

நம் பக்கத்து நியாயஸ்தலங்களில் சில நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன. 2019 ஏப்ரல் 22-ந் தேதி, மதுரை ஹைகோர்ட்டுக் கிளையில், தூத்துக்குடியில் ஒரு ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், "மணமகள்" என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று ஜஸ்டிஸ் ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். பிறந்த குழந்தையின் உறுப்பு ஆணா பெண்ணா என்று தெளிவாயில்லாவிட்டால், உயிருக்கு ஆபத்திருந்தாலன்றிக் கத்தி வைக்கக்கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று; தமிழ்நாடு சர்க்காரும் அவ்வருஷம் ஆகஸ்டிலேயே அவ்வாறு உத்தரவு போட்டது. 2025 மே 22-ந் தேதி, பெற்றோர் வீட்டில் அடைத்துவைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணை அவள் தோழியின் மனுவின் மேல் விடுவித்த சென்னை ஹைகோர்ட்டு, கல்யாணம் ஒன்றினால்தான் குடும்பம் உண்டாகும் என்பதில்லை, தாமே தேர்ந்துகொண்டதும் குடும்பந்தான் என்று சொல்லியிருக்கிறது.

ஆனால் எல்லாவற்றிலும் நாம் பாடம் கற்றுக்கொள்ள வேண்டியது 2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவிலிருந்துதான். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசித்து, வீட்டாருக்குப் பயந்து சென்னைக்கு ஓடினார்கள். பெற்றோர் "காணவில்லை" என்று பிராது கொடுக்க, போலீசார் துரத்த, அவர்கள் ஹைகோர்ட்டைச் சரணடைந்தார்கள். அவ்வழக்கை விசாரித்த ஜஸ்டிஸ் என். ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார்? இவ்விஷயம் தமக்கு முழுதும் விளங்கவில்லை என்று பகிரங்கமாகச் சொல்லி, மனநல ஆலோசகர் ஒருவரிடம் தாமே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு உத்தரவு போட்டார். வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்ந்திருந்தால் "காணவில்லை" வழக்கை முடித்துவிட்டுப் போலீசார் தொந்தரவு செய்யாமலிருக்க வேண்டும் என்றும், "மாற்றும் வைத்தியம்" செய்வதற்குத் தடை என்றும், போலீசாருக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இதைப்பற்றிப் பயிற்சி வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. அதன் பலனாக 2022-ல், இவர்களைத் தொந்தரவு செய்வது போலீசாரின் நடத்தை விதிகளுக்கு விரோதம் என்று தமிழ்நாட்டில் விதியே திருத்தப்பட்டது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் கேட்டு, பிறகு முடிவு செய்வதற்குத்தான் பகுத்தறிவு என்று பெயர். ஒரு ஹைகோர்ட்டு ஜட்ஜுக்குக் குறைவில்லாத காரியம், டீக்கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லுகிற நமக்குக் குறைவாகிவிடுமா?

நிற்க, துணை நிற்பது என்றால் என்ன? மேடையில் ஏறி, "நாங்கள் எல்லோரையும் ஆதரிக்கிறோம்" என்று கைதட்டு வாங்கிக்கொண்டு போவதல்ல. வீட்டிலும் வீதியிலும் வள்ளத்திலும் ஆபீசிலும் நாம் நடந்துகொள்ள வேண்டிய விதங்கள் சில இருக்கின்றன.

முதலாவது, நம் பிள்ளையோ, தம்பியோ, தங்கையோ வந்து தன் மனதைத் திறந்து சொன்னால், அடிப்பதும் அழுவதும் "யார் உன்னைக் கெடுத்தது?" என்று கேட்பதும் கூடாது. அதைச் சொல்ல அந்தப் பிள்ளை எத்தனை இராத்திரி தூங்காமல் கிடந்திருக்கும் என்று முதலில் நினைக்க வேண்டும். "நீ என் பிள்ளைதான், சோறு தின்றாயா?" என்ற ஒரு வார்த்தை, நூறு உபதேசத்துக்குச் சமானம்.

இரண்டாவது, "கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாய்ப் போகும்" என்ற பைத்தியக்காரத்தனத்தை அடியோடு விட வேண்டும். பெண்களிடத்தில் ஆசையே இல்லாத மகனுக்கு ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து கட்டிவைத்தால், கெடுவது ஒரு வாழ்வல்ல, இரண்டு வாழ்வு. அந்தப் பெண்ணின் பாவத்தை எந்தத் தீர்த்தத்தில் போய்க் கழுவுவது?

மூன்றாவது, ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும். தங்கச்சிமடத்தில் காலையில் சொன்னது மத்தியானத்துக்குள் மண்டபம் போய்ச் சேருகிற கடற்கரை இது. நல்ல எண்ணத்தோடு வெளியிட்டாலும் அதனால் வேலை போகலாம், வீடு போகலாம், உயிரும் போகலாம். யாரிடம் எப்போது சொல்லுவது என்பது அவரவருடைய பாத்தியதை.

நான்காவது, வாயை அடக்க வேண்டும். ஆண்மையில்லாதவன் என்று ஒருவனைத் திட்டுவதற்கு இவர்களுடைய பெயர்களையே வசவாக உபயோகிப்பது நம் கூட்டங்களிலுங்கூட நடக்கிறது. ஜாதிப் பெயரை வசவாக்கினால் கோபித்துக்கொள்ளுகிற நாம், இதற்கு மாத்திரம் சிரிப்பானேன்? ஒருவர் தம்மை எந்தப் பெயரால், அம்மா என்றோ ஐயா என்றோ, அழைக்கச் சொல்லுகிறாரோ அப்படியே அழைப்பதில் நமக்கு ஒரு காசும் செலவில்லை.

ஐந்தாவது, வீடும் வேலையும் கொடுக்க வேண்டும். வேலையே கொடுக்காமல் தெருவில் நிறுத்திவிட்டு, "ஏன் கை நீட்டுகிறார்கள்?" என்று கேட்பது யோக்கியமான கேள்வியல்ல. கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் தம் நாட்டியத்தினால் 2019-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். பிரித்திகா யாஷினி கோர்ட்டில் போராடி, 2017-ல் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக உத்தியோகம் ஏற்றார். 2008-ல் திருநங்கையருக்கென்று தனி நலவாரியம் அமைத்தது நம் தமிழ்நாடு. ஆனால் வாரியம் சர்க்காருடையது. வாடகை வீடு நம்முடையது. சர்க்கார் வாரியம் அமைத்தாலும் நாம் வாசலைச் சாத்தினால் என்ன பிரயோஜனம்?

ஆறாவது, ஆபத்தில் கூடப் போக வேண்டும். ஓடிவந்த இருவரைப் போலீஸ் ஸ்டேஷனில் மிரட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஒருவர் கூடப்போய் நின்றாலே பாதி மிரட்டல் அடங்கிப் போகும். ஜில்லாத்தோறும் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக்கொடுக்கவும், 2021-ம் வருஷத்து உத்தரவை எடுத்துக்காட்டவும் படித்த தோழர்கள் முன்வர வேண்டும். கலப்பு மணம் செய்துகொண்டவர்களைக் காப்பாற்றிப் பழகிய நம் இயக்கத்தாருக்கு இது புது வேலையல்ல.

ஏழாவது, அவர்களுக்காக நாமே பேசிக்கொண்டிருக்காமல் அவர்களையே பேசவிட வேண்டும். இரக்கம் வேறு, மரியாதை வேறு. "ஐயோ பாவம்" என்கிறவன் தன்னை ஒரு படி மேலே நிறுத்திக்கொண்டே சொல்லுகிறான். நாம் மேல்ஜாதிக்காரனிடம் கேட்டது இரக்கமா? இல்லை. சமமாய் உட்கார இடம் கேட்டோம். அந்த இடத்தையே இவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

தனுஷ்கோடி முனைக்கு அப்பால், சுமார் 30 கிலோமீட்டர் கடல் தாண்டினால் தலைமன்னார். அங்கே இதே வெள்ளைக்காரர்கள் 1883-ல் எழுதிவைத்த தண்டனைச் சட்டத்தில் இதே குற்றம் நுழைக்கப்பட்டது. 1995-ல் அதைத் திருத்துகிறோம் என்று சொல்லி, விட்டுப்போன பெண்களையும் அதில் சேர்த்துவிட்டார்கள். 2023 மே மாதத்தில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, இதைக் குற்றமல்ல என்று ஆக்கக் கொண்டுவந்த மசோதா அரசியல் சட்டத்துக்கு விரோதமல்ல என்று சொல்லிற்று. இரு கரையிலும் தமிழ் பேசுகிறவர்கள், இரு கரையிலும் ஒரே பயத்தோடு வாழ்ந்தவர்கள். இக்கரையில் சட்டம் தளர்ந்துவிட்டது, மனம் தளரவில்லை. சட்டத்தை டில்லியில் மாற்றலாம். மனத்தை அவரவர் வீட்டில்தான் மாற்ற வேண்டும்.

தோழர்களே! ஏர்வாடியில் அன்று எரிந்தது கொட்டகை. எரியாமல் மிஞ்சியது சங்கிலி. இரும்புச் சங்கிலியைச் சட்டம் தடுத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத சங்கிலி ஒன்று ஒவ்வொரு ஊரிலும், ஏன், நம் வாசகர்கள் வீடுகளிலேயே சிலவற்றிலும், யாரோ ஒரு பிள்ளையின் காலில் இன்னும் கிடக்கிறது. அதன் சாவி மந்திரவாதியிடமும் இல்லை, சர்க்காரிடமும் இல்லை. அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனிடமும், அண்ணன் தம்பியிடமும், பக்கத்து வீட்டாராகிய நம்மிடமும் இருக்கிறது. அதைத் திறந்துவிடுவதே சுயமரியாதைக்காரர் கடமையென்று வற்புறுத்திக் கூறுகின்றோம்.